ஆட்டிப் பிடித்தால்தான் ஏறுகிற சார்ஜர்: ஒட்டுவதா, மாற்றுவதா?

கேள்வி: அண்ணே, வணக்கம். மேலூரை ஒட்டிய கிராமம் எங்களுடையது. மகள் மதுரையில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். அவளுடைய லேப்டாப் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. சார்ஜர் வயர், லேப்டாப்பில் சொருகுகிற பின்னுக்கு ஒரு விரல் தள்ளி வெடித்து, உள்ளே கம்பி தெரிந்தது. என் தம்பி கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தான். ஆறு மாதம் ஓடியது. இப்போது வயரை ஒரு பக்கமாக வளைத்து, மேலே புத்தகத்தைத் தூக்கி வைத்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. டேப் சுற்றிய இடம் சுடுகிறது. சில நேரம் சார்ஜரில் லைட் எரிந்தாலும் பேட்டரி ஏறுவதில்லை. என்ன வகை சார்ஜர் என்று தெரியவில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் வருகிறது, லேப்டாப்பும் மெதுவாகிவிடுகிறது. பின்னைப் பார்த்தால் நடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கிறது. ஒரு கடையில் பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். இன்னொரு கடையில் 500 ரூபாய்க்குப் புது சார்ஜர் தருகிறேன் என்றார்கள். கம்பெனி சார்ஜர் 2,000 ரூபாய்க்கு மேல் ஆகுமாம். இதற்கிடையில் சுவரில் சொருகுகிற வயரையும் எலி கடித்து வைத்துவிட்டது. அதிலும் டேப்தான் சுற்றியிருக்கிறோம். சரிசெய்ய முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா? அடுத்த மாதம் அவளுக்குப் பரீட்சை.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

மற்றதைப் பேசுவதற்கு முன்னால் எலி கடித்த வயரை முடித்துவிடுவோம். இதை வாசிக்கிற நேரத்தில் அது சுவரில் இருந்தால், முதலில் சுவிட்சை அணையுங்கள். பிறகு பிளக்கைப் பிடித்து உருவுங்கள். டேப் சுற்றிய இடத்தில் கை வைக்க வேண்டாம். உருவிய வயரைத் திரும்பச் சொருகவே வேண்டாம், இன்று ஒரு ராத்திரி மட்டும் என்றுகூட.

சார்ஜர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் மூன்று பகுதி இருக்கிறது. சுவரிலிருந்து கறுப்புப் பெட்டி வரைக்கும் வருவது பவர் கார்டு. அதில் ஓடுவது நம் வீட்டு மின்சாரம், 230 வோல்ட். நடுவில் இருக்கிற பெட்டி அதை 19 அல்லது 20 வோல்ட் டி.சி.யாக, அதாவது ஒரே திசையில் ஓடுகிற மின்சாரமாக, இறக்கித் தருகிறது. பெட்டியிலிருந்து லேப்டாப்புக்குப் போகிற மெல்லிய வயரில் இந்தக் குறைந்த வோல்ட்தான் ஓடுகிறது. உங்களுக்கு இரண்டு வயரும் பழுது. வெளியில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு கிடக்கும். ஆனால் மெல்லிய வயரில் விரல் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பவர் கார்டில் கம்பி மேல் விரல் பட்டால் உயிர் போகலாம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவருக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

எலி கடித்த வயரில் கண்ணுக்குத் தெரிகிற கடி ஒன்றுதான் இருக்கும். தெரியாத கடி பக்கத்திலேயே நாலைந்து இருக்கும். பல் நுனி மட்டும் இறங்கிய துளைகள் அவை. எலி கடித்தது என்று மதுரையில் என் பழுதுபார்க்கிற கடைக்கு வருகிற வயர்களை விளக்கொளியில் வளைத்து வளைத்துப் பார்ப்பேன். ஒரு கடி மட்டும் இருந்த வயரை இதுவரை நான் பார்த்ததில்லை. அதனால் பவர் கார்டுக்கு ஒட்டு வேலையே நான் செய்வதில்லை. யார் கேட்டாலும் மாற்றச் சொல்லிவிடுவேன். அது தனியாகக் கழன்று வருகிற சாமான்தான், பெட்டியில் சொருகுகிற பக்கம் மூன்று வட்டம் சேர்ந்தாற்போல ஓட்டை இருக்கும். நூற்றைம்பது ரூபாய், இருநூறு ரூபாய்க்கு நல்லதாகவே கிடைக்கும். மேலூரிலேயே வாங்கிவிடலாம், இதற்காக மதுரைக்கு வர வேண்டியதில்லை.

வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். மூன்று முனை பிளக்காக இருக்க வேண்டும். மேலே தடித்திருக்கிற பெரிய முனைதான் எர்த். அதைச் சொருக இடமில்லை என்று இரண்டு முனை மாற்றுப் பிளக் போட்டு ஓட்டுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய. அப்படி ஓட்டினால் லேப்டாப்பின் உலோக ஓரத்தில் கை வைக்கும்போது விரலில் விர்ரென்று ஊரும். பெட்டிக்குள் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காகக் கெப்பாசிட்டர் என்ற சிறிய பாகம் ஒன்றை வைத்திருப்பார்கள். அதன் வழியாகக் கசிகிற மிகக் குறைந்த கரண்ட் எர்த் வழியாக இறங்க வேண்டியது. அங்கே வழி இல்லாததால் உங்கள் விரல் வழியாக இறங்குகிறது. நல்ல சார்ஜரில் இந்தக் கசிவு ஆளைக் கொல்லாது. ஆனால் எர்த் இணைப்பு கிடைக்கவில்லை என்பதை அது சொல்லிவிடுகிறது. கிரைண்டரும் பிரிட்ஜும் ஓடுகிற வீட்டில் அது சின்ன விஷயமாக இருக்க முடியாது. உங்கள் வீட்டில் மூன்று முனை பிளக் போட்டும் விர்ரென்கிறதென்றால் வயரிங் பார்க்கிறவரைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

வயர் முழுசாக அறுந்துவிட்டால் எனக்குக் கவலையே கிடையாது. சார்ஜ் ஏறாது, கடைக்குக் கொண்டுவருவீர்கள், சரிசெய்து தந்துவிடுவேன். பாதி அறுந்து, ஆட்டிப் பிடித்தால் ஏறும் என்கிற நிலையில் இருக்கிற வயர்தான் என்னைப் பயமுறுத்துகிறது. அதை யாரும் கடைக்குக் கொண்டுவர மாட்டார்கள். வேலை நடக்கிறதே என்று மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். வயர் வேகிறது அந்த மாதங்களில்தான்.

இந்த மெல்லிய வயரை நறுக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு கம்பி, அதற்குத் தனி உறை, அதைச் சுற்றித் தலைமுடி மாதிரி மெல்லிய செம்பு இழைகள் வலை போல இருக்கும். நடுக்கம்பி பிளஸ், சுற்றியிருக்கிற வலை மைனஸ். வயரை ஒரே இடத்தில் மடக்கி மடக்கிப் புழங்கும்போது இந்த இழைகள் ஒவ்வொன்றாக ஒடிகின்றன. எல்லா இழைகளும் சேர்ந்து சுமந்த கரண்டைக் கடைசியில் ஐந்தாறு இழைகள் சுமக்க வேண்டியதாகிறது. 65 வாட் சார்ஜர் ஒன்றில் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒடிந்த இடத்தில் அரை ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். முழு வேகத்தில் லேப்டாப் இழுக்கும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் ஐந்தரை வாட்டுக்கு மேல் சூடாக மாறும். நான் ஈயம் வைக்கிற சால்டரிங் கம்பியே 25 வாட்தான். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான சூடு விரல்நகம் அகல இடத்துக்குள், மேலே டேப் சுற்றி, அதற்கும் மேலே புத்தகத்தை அடுக்கி, வெளியே போக வழியில்லாமல் அடைபடுகிறது. டேப் சுற்றிய இடம் சுடுகிறது என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

அந்தச் சூட்டில் நடுக்கம்பியின் உறை இளகும். இளகினால் ஒடிந்த வலை இழையின் கூரான முனை அதைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். பிளஸ்ஸும் மைனஸும் தொட்டுக்கொள்ளும். நல்ல பெட்டியாக இருந்தால் உடனே தன்னை அணைத்துக்கொள்ளும், லைட் அணைந்து அணைந்து எரியும். மட்டமான பெட்டியாக இருந்தால் அணையாது. கடைக்கு வந்த ஒரு சார்ஜரில் டேப்பைப் பிரித்தபோது உள்ளே வயர் கரியாகவே இருந்தது. மெத்தை விரிப்பில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்ததைப் பார்த்துத்தான் எடுத்து வந்தோம் என்றார்கள். அந்த மெத்தையில் படுத்துக்கொண்டு படித்தது ஒன்பதாம் வகுப்புப் பையன்.

உங்கள் தம்பியை நான் குறை சொல்லவில்லை. டேப் வயரை மூடத்தான் செய்யும், ஒடிந்த செம்பை ஒட்டவைக்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதன் பசை இளகி வழிந்து, தூசி ஒட்டி, பிசுபிசுவென்று நழுவியும் விடும். சிலர் எம்-சீல் வைத்துக் கட்டியாக்கிக்கொண்டு வருகிறார்கள். அந்த இடம் கல் மாதிரி நிற்கும், ஆனால் வயர் இனிமேல் கட்டி முடிகிற விளிம்பில் மடங்கும், அங்கே ஒடியும். பெவிக்விக் ஊற்றினாலும் இதே கதைதான். வளைய வேண்டிய இடத்தை விறைப்பாக்கினால் பழுது பக்கத்துக்கு நகருமே தவிர போகாது.

அடுத்தது பேட்டரி விஷயம். இங்கேதான் உங்கள் பணம் வீணாகப் போயிருக்கும். பேட்டரியை மாற்றிவிடாமல் எழுதிக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

பின்னின் நடுவில் ஊசி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். டெல், எச்.பி. லேப்டாப்களில் அந்த அமைப்பு உண்டு. அந்த ஊசி கரண்ட் கொண்டுபோவதற்காக வைத்ததில்லை. சார்ஜர் தன்னை இன்னாரென்று லேப்டாப்பிடம் சொல்வதற்கான வழி அது. அதற்காக நான் முன்னே சொன்ன இரண்டோடு மூன்றாவதாக ஒரு மெல்லிய வயர் உள்ளே வருகிறது. மூன்றிலும் மெலிந்தது அதுதான், அதனால் ஒடிவதிலும் அதுவே முந்திக்கொள்ளும். அது ஒடிந்துவிட்டால் கரண்ட் வரும், லேப்டாப்பும் ஓடும். ஆனால் எத்தனை வாட் சார்ஜர் என்று தெரியாததால் லேப்டாப் எச்சரிக்கையாக நடந்துகொள்ளும். பேட்டரிக்கு ஏற்றாது. தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். நீங்கள் எழுதிய மூன்று அறிகுறியும் அப்படியே இதோடு பொருந்துகின்றன. பேட்டரி ஏறவில்லை என்றதும் பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது, விளக்கு எரியவில்லை என்றதும் சுவிட்சைப் பார்க்காமல் பல்பை மாற்றுவது போல. மகளின் தோழி யாரிடமாவது இதே கம்பெனி லேப்டாப்பும் இதே அளவுப் பின்னும் இருந்தால், வோல்ட் ஒன்றுதானா என்று லேபிளைப் பார்த்துக்கொண்டு அந்த சார்ஜரை அரைமணி நேரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறினால் பேட்டரி நன்றாக இருக்கிறது. அதற்கும் ஏறாவிட்டால் அப்போது பேட்டரியையும் லேப்டாப்பின் பின் சாக்கெட்டையும் பார்ப்போம்.

வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் வைத்திருக்கிறவர்கள் ஒரு தவறு செய்கிறார்கள். பின்னில் மீட்டரை வைத்து 19.5 என்று காட்டியதும் சார்ஜர் நல்லது என்று கொடுத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 19.5 காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கிற கரண்ட் மிகக் குறைவு. லேப்டாப் மூன்று ஆம்பியர் இழுக்கும்போதுதான் வோல்ட் சரியும். அதனால் கடையில் சோதிக்கும்போது லோடு கொடுத்து, அதாவது கரண்டை இழுக்கவிட்டு, பார்க்கச் சொல்லுங்கள். லோடு ஓடும்போதே வயரைப் பெட்டியின் கழுத்திலும் பின்னின் கழுத்திலும் மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். எண் குதித்தால் பழுது அங்கேதான். இன்னொரு குறிப்பும் இருக்கிறது. லேப்டாப்பில் சொருகாதபோது பெட்டியின் லைட் எரிந்து, சொருகியதும் பட்டென்று அணைந்தால், பழுது லேப்டாப்புக்குள் இருக்கலாம். அப்போது வேறு வேறு சார்ஜரைச் சொருகிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

ஒட்டலாமா என்றால், உங்கள் மெல்லிய வயரை ஒட்டலாம். வெடித்த இடம் பின்னுக்கு ஒரு விரல் தள்ளி என்பதால் அந்தத் துண்டை மிச்சம் வைத்து வேலை செய்ய முடியாது. பின்னோடு சேர்ந்த புது வயர் தனியாகவே விற்கிறது, டி.சி. பின் கேபிள் என்று கேட்டால் தருவார்கள். மதுரை டவுன்ஹால் ரோட்டில் உதிரிபாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மாட்டுத்தாவணியில் இறங்கி டவுன் பஸ்ஸில் பெரியார் நிலையம் வந்தால் நடக்கிற தூரம்தான். பழைய பின்னைக் கையில் கொண்டுபோக வேண்டும். கண்ணளவில் ஒன்றுபோல் இருக்கிற பின்கள் நிறைய உண்டு. வெளி விட்டம் 7.4 மில்லிமீட்டரில் ஒன்று, 4.5 மில்லிமீட்டரில் ஒன்று. இரண்டிலும் நடுவில் ஊசி இருக்கும். ஊசி இல்லாத 5.5 மில்லிமீட்டர் பின்னிலேயே உள்துளை 1.7, 2.5 என்று வேறுபடும். மாற்றி வாங்கிவிட்டால் ஒன்று இறங்காது, அல்லது லொடலொடவென்று ஆடிப் பொறி அடிக்கும். உங்களுக்கு மூன்று வயர் உள்ள கேபிள்தான் வேண்டும். இரண்டு வயர் கேபிளைத் தந்து இதுவும் பொருந்தும் என்று சொன்னால் வாங்காதீர்கள், திரையில் அதே எச்சரிக்கை திரும்ப வரும்.

உங்கள் தம்பிக்கு ஈயம் வைக்கிற பழக்கம் உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் அவருக்காக இதைச் சொல்கிறேன். இல்லையென்றால் கடைக்காரர் இப்படிச் செய்கிறாரா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

சுவரிலிருந்து கழற்றிவிட்டு, பெட்டியின் லைட் தானாக அணையும்வரை பொறுக்க வேண்டும். வெடித்த இடத்தில் மட்டும் நறுக்காமல், சூடுபட்டுக் கறுத்த செம்பு தீர்ந்து பளபளப்பான செம்பு தெரிகிறவரைக்கும் தள்ளி நறுக்க வேண்டும். கறுத்த செம்பில் ஈயம் பிடிக்காது, உருண்டை உருண்டையாக நிற்கும். ஈயம் வைப்பதற்கு முன்பே பெரிய ஸ்லீவை, அதாவது சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற உறைக் குழாயை, வயரில் கோர்த்துத் தள்ளி வைத்துவிட வேண்டும். ஒட்டி முடித்த பிறகு ஸ்லீவ் ஞாபகம் வந்தால் முழு ஒட்டையும் பிரிக்க வேண்டியிருக்கும். வெளி வலையை ஊசியால் கோதிப் பிரித்து ஒரு பக்கமாகத் திரிக்கலாம். மூன்று கம்பியின் ஒட்டும் ஒரே இடத்தில் விழக் கூடாது. ஒன்றை அரை அங்குலம் முன்னே, ஒன்றை அரை அங்குலம் பின்னே என்று படி வைத்தாற்போல் நறுக்கிக்கொண்டால் ஒன்று இன்னொன்றைத் தொடவே தொடாது. ஒவ்வொன்றுக்கும் சிறிய ஸ்லீவ், மொத்தத்துக்கும் மேலே பெரிய ஸ்லீவ். நிறத்தைப் பார்த்து இதுதான் பிளஸ் என்று நம்பக் கூடாது, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பெட்டிப் பக்கத்து முனையில் மீட்டர் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முறுக்கிவிட்டு ஈயம் வைக்காமல் டேப் சுற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

அந்த வேலையை நானே ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு மாணவிக்கு அவசரம் என்பதால் முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்தேன். மூன்று வாரத்தில் திரும்ப வந்தாள். முறுக்கு தளர்ந்து உள்ளே பொறி அடித்து அடித்து, லேப்டாப்பில் இருக்கிற சாக்கெட்டும் போர்டில் அதற்குப் பக்கத்துப் பாகமும் போய்விட்டிருந்தன. பணம் வாங்காமல் சரிசெய்து கொடுத்தேன், ஆனாலும் அவள் ஒரு வாரம் வேலை செய்ய முடியாமல் போனது போனதுதான். அதற்குப் பிறகு எவ்வளவு அவசரம் என்றாலும் ஈயம் வைக்காமல் ஒரு வயரையும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை.

ஒட்டு எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். பெட்டியின் கழுத்திலோ பின்னின் கழுத்திலோ விழுந்தால் அதே இடத்தில் மறுபடி மடங்கி ஒடியும். பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி, வயர் நேராகக் கிடக்கிற இடத்தில் விழ வேண்டும். பெட்டியைத் திறந்து உள்ளேயே புது வயரை வைப்பது இன்னும் சுத்தம்தான். ஆனால் அதை வீட்டில் செய்யக் கூடாது. பெட்டிக்குள் இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரைக்கும் டி.சி. நிற்கும். கழற்றிய பிறகும் சில பெட்டிகளில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். பெட்டியும் திருகாணியில் நிற்பதில்லை, விளிம்பை உருக்கி ஒட்டியிருப்பார்கள். சுத்தியலும் பிளேடும் வைத்துத்தான் திறக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் சொருகிவிடாமல், முதலில் உள் கம்பிக்கும் வெளி வலைக்கும் நடுவில் மீட்டர் வைத்துத் தொடர்பு இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். பிறகு பவர் கொடுத்து வோல்ட் பார்க்க வேண்டும். கடைசியாக லேப்டாப்பில் போட்டு அரைமணி நேரம் கழித்து ஒட்டின இடத்தைத் தொட்டுப் பாருங்கள். வயரின் மற்ற இடத்தைவிட அது சூடாக இருக்கக் கூடாது. இருந்தால் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். என் கடையில் கேபிளும் கூலியும் சேர்த்து 350, 400 ரூபாய்க்குள் முடிகிற வேலை இது.

கேபிள் வாங்கும்போது முனையில் இரண்டு இழையை பிளேடால் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி. அது சீக்கிரம் ஒடியும், சூடும் அதிகம். முழுக்கச் செம்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

500 ரூபாய் சார்ஜரைப் பற்றி. அந்த விலையில் வருகிறவை எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மோசமானவற்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். 230 வோல்ட் ஓடுகிற பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகிற பக்கத்துக்கும் போர்டில் ஆறு மில்லிமீட்டர் அளவுக்காவது இடைவெளி வேண்டும். ஒரு பெட்டியில் அரிசிமணி அகலம்கூட இல்லை. மூன்று முனை பிளக் வைத்து, உள்ளே எர்த் கம்பியே இணைக்காத பெட்டியும் வந்திருக்கிறது. வெளியில் 65 வாட் என்று அச்சு, உள்ளே அதற்குத் தாங்காத பாகங்கள். உங்கள் பழைய பெட்டி லேப்டாப்போடு வந்த பெட்டி. அது நன்றாக இருந்தால், புதிய மட்டமான பெட்டியைவிட ஒட்டுப்போட்ட பழைய பெட்டிதான் மேல். இது என் தீர்மானமான கருத்து.

எப்போதாவது புதிதாக வாங்கத்தான் வேண்டியிருந்தால் லேபிளைப் படியுங்கள். இந்தியாவில் விற்கிற இந்த வகை அடாப்டர்களுக்கு, தரம் பார்க்கிற அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.ஸில் பதிவு கட்டாயம். ஐ.எஸ். என்று தொடங்குகிற தர எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண்ணும் லேபிளில் இருக்க வேண்டும். எண் இருந்தாலும் அப்படியே நம்பிவிட வேண்டாம். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியை மகளின் போனில் இறக்கி, கடையில் நின்றுகொண்டே அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று வந்துவிடும். பெட்டியில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வோல்ட் உங்கள் பழைய பெட்டியில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. ஆம்பியர் கூடினால் லேப்டாப் கெட்டுவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். லேப்டாப் தனக்கு வேண்டியதைத்தான் இழுத்துக்கொள்ளும்.

உங்களைப் போலவே கேட்கிற, ஆனால் டைப்-சி சார்ஜர் வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியிலிருந்து வயர் தனியாகக் கழன்று வருகிற மாதிரி இருந்தால் ஒட்டு வேலையே வேண்டாம், வயரை மட்டும் மாற்றினால் போதும். போன் வயரைப் போட்டுவிடாதீர்கள். சாதாரண டைப்-சி வயர் 3 ஆம்பியர்தான் தாங்கும், 20 வோல்ட்டில் அது 60 வாட். 65 வாட் வேண்டுமென்றால் 5 ஆம்பியர், 100 வாட் என்று எழுதிய வயர் வேண்டும். அதன் முனைக்குள் ஒரு சில்லு இருந்து, தான் தாங்குகிற அளவைச் சார்ஜரிடம் சொல்கிறது. அது இல்லாத வயரைப் போட்டால் சார்ஜர் தானே அளவைக் குறைத்துவிடும்.

பரீட்சை அடுத்த மாதம் என்பதால் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே புதுப் பவர் கார்டு. டேப் சுற்றிய மெல்லிய வயரை இன்றோடு நிறுத்துங்கள். வேலை முடிகிறவரை மகள் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையிலோ, தோழியின் சார்ஜரிலோ சமாளிக்கட்டும். பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர்த்து ஒரு நாள் மதுரைக்கு வரும்போது, மகளின் கையில் லேப்டாப்பையும் சார்ஜரையும் சேர்த்தே கொடுத்தனுப்புங்கள். சார்ஜரை மட்டும் கொண்டுவந்தால் அந்த மூன்றாவது வயர் சரியாகிவிட்டதா என்று பார்க்க முடியாது. எச்சரிக்கை வராமல், பேட்டரி சதவீதம் ஒன்றாவது ஏறுவதைக் கடையிலேயே பார்த்துவிட்டுத்தான் அவள் கிளம்ப வேண்டும்.

புது வயர் வந்த பிறகு மகளிடம் இரண்டு பழக்கத்தைச் சொல்லுங்கள். படுக்கையில் வயிற்றின் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு படிக்கும்போது பின் சொருகிய இடம் மெத்தையில் முட்டி மடங்குகிறது. உங்கள் வயர் பின்னுக்கு ஒரு விரல் தள்ளி வெடித்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். சார்ஜ் போட்டிருக்கும்போது மேஜையிலோ, தரையில் பலகை மேலோ வைத்துக்கொள்ளட்டும். பெட்டியைத் தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ வைக்கக் கூடாது. சுருட்டும்போது வயரைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது. பெட்டியின் கழுத்தில் ஒரு சாண் தளர்வாக விட்டுவிட்டு, மிச்சத்தைக் கை அகலத்துக்கு வளையமாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போடட்டும். கழற்றும்போது வயரை இழுக்காமல் பின்னைப் பிடித்து இழுக்க வேண்டும்.

எலிக்கு, சார்ஜரை ராத்திரி தரையில் விடாமல் ஆணியில் மாட்டுவதோ மூடியுள்ள டப்பாவில் போடுவதோதான் வழி. நெல் மூட்டை இருக்கிற அறையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதன் வயரையும் ஒருமுறை முழுக்க வளைத்துப் பாருங்கள், சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவிய பிறகு.

எலி கடித்த பழைய பவர் கார்டைக் குப்பையில் அப்படியே போட்டுவிடாதீர்கள். நன்றாகத்தானே இருக்கிறது என்று யாராவது எடுத்துப் புழங்கிவிடுவார்கள். இரண்டு முனையையும் நறுக்கிவிட்டு, மகள் வரும்போது என்னிடம் கொடுத்தனுப்புங்கள். கடையில் சேர்கிற மின்கழிவோடு சேர்த்துவிடுகிறேன்.